மார்பக விரவல் காந்த அதிர்வுப் படிமம்

மார்பக விரவல் காந்த அதிர்வுப் படிமம் என்பது இழையங்களில் உள்ள நீர் மூலக்கூறுகளின் அசைவை அளந்து, மார்பகக் கட்டியின் தன்மையைக் கணிக்க உதவும் ஓர் எம்.ஆர்.ஐ. முறையாகும். இதற்கு ஊடுகதிரோ, நாளத்தின் வழியே செலுத்தப்படும் காடோலினிய மருந்தோ தேவையில்லை. ஆகவே கடும் சிறுநீரக நோய் உடையோருக்கும் கருவுற்ற பெண்களுக்கும் இது குறிப்பிடத்தக்க பயனுடையது.

செயற்படும் விதம்

நீர் மூலக்கூறுகள் ஓயாது அசைந்துகொண்டே இருப்பவை. வீரபாண்டிச் சித்திரைத் திருவிழா நெரிசலில் ஒருவர் எளிதில் நகர இயலாதது போல, உயிரணுக்கள் நெருக்கமாக அடைந்துள்ள புற்றுக்கட்டியில் நீரின் அசைவு தடைப்படுகிறது. கருவி அடுத்தடுத்து இரண்டு காந்தப்புலச் சரிவுத் துடிப்புகளைச் செலுத்தும். அசையாத மூலக்கூறுகளில் முதல் துடிப்பின் விளைவை இரண்டாவது துடிப்பு நீக்கிவிடும். இடம்பெயர்ந்தவற்றில் அது முழுதும் நீங்காமையால் சைகை குன்றும். இவ்வுத்தியை ஸ்டெஜ்ஸ்கால், டானர் ஆகியோர் 1965 இல் விளக்கினர். 1980களில் பிரெஞ்சு அறிஞர் டெனி லெ பிகான் இதனை மருத்துவப் படிமவியலுக்குக் கொணர்ந்தார்.

கணிப்பும் பிழையும்

தடைப்பட்ட பகுதி விரவல் படத்தில் வெண்மையாகவும், ஏ.டி.சி. எனப்படும் விரவல் கெழுவின் வரைபடத்தில் கருமையாகவும் தோன்றும். இரண்டு படங்களையும் ஒப்பிடாமல் முடிவு கூறுதல் தவறாகும். நீர் மிகுந்த தீங்கற்ற கட்டியும் முதற்படத்தில் வெண்மையாகத் தோன்றக்கூடும். ஐரோப்பிய மார்பகப் படிமவியல் கழகத்தின் வல்லுநர் குழு 2020 இல் பி மதிப்பு 800 ஆக இருக்கப் பரிந்துரைத்தது. கெழு வினாடிக்கு 0.0013 சதுர மி.மீ. அல்லது அதற்குக் குறைவாக இருப்பின் அதனைத் தாழ்ந்த அளவாகவும் வகைப்படுத்தியது.

எனினும் எண் மட்டும் போதாது. பாலூட்டும் தாயின் மார்பில் உண்டாகும் சீழ்க்கட்டி, தடித்த சீழின் காரணமாகப் புற்றுநோய் போன்றே தாழ்ந்த கெழுவைக் காட்டும். மாறாக, சளிமப் புற்றுநோய் உயர்ந்த கெழுவைக் காட்டித் தீங்கற்றது போல் ஏமாற்றும். மிகச் சிறிய கட்டிகளும், பால்நாளத்துள் அடங்கிய தொடக்கநிலைப் புற்றும் தவறிப்போகலாம். அமெரிக்காவில் நடைபெற்ற ஏ.சி.ஆர்.ஐ.என். 6702 ஆய்வில், புற்றுநோய் எதனையும் தவறவிடாமல் ஐந்தில் ஒரு பங்கு ஊசித் திசு ஆய்வுகளைத் தவிர்த்திருக்கலாம் எனக் கணிக்கப்பட்டது. ஆயினும் இம்முறை தனித்து முடிவு கூறுவதற்கன்று. மருந்து செலுத்தி எடுக்கும் படத்திற்குத் துணையாகவே பெரும்பாலும் பயன்படுகிறது. அறுவைக்கு முன் தரப்படும் வேதிமருந்துக்குக் கட்டி இணங்குகிறதா என அறியவும் இது உதவும்.

தேனி மாவட்டச் சூழல்

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டங்களில் உழைக்கும் பெண்களும், கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் சென்றுவரும் பெண்களும் பலர். மருத்துவமனைக்குச் செல்லும் நாளில் அவர்கள் கூலியை இழக்கின்றனர். கம்பத்திலிருந்து தேனி ஏறக்குறைய 40 கி.மீ., தேனியிலிருந்து மதுரை ஏறக்குறைய 75 கி.மீ. தொலைவில் உள்ளன. மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆண்டிபட்டியை அடுத்த க. விலக்கில் அமைந்துள்ளது.

இத்தகையோருக்கு முதற்படி இப்படிமம் அன்று. கையால் தொட்டறியும் சோதனையும், அதன்பின் மேமோகிராம், அல்ட்ராசவுண்டு ஆகியவையுமே ஆகும். எம்.ஆர்.ஐ. தேவைப்படும் நிலையில், விரவல் படத்தை அதே அமர்வில் சில நிமிடங்களில் எடுத்துவிடலாம். இதற்கெனத் தனிப்பயணம் வேண்டியதில்லை. ஆனால் கருவியில் மார்பகத்திற்குரிய தனிச்சுருள் இருத்தல் வேண்டும். நோயாளி அதன்மீது குப்புறப் படுத்திருக்க, படம் எடுக்கப்படும்.