தேசிய கீதமும் வீரர்களின் எதிர்ப்பும்: இந்திய அனுபவத்தின் வரலாறு

விளையாட்டுக் களத்தில் தேசிய கீதம் ஒலிக்கும்போது தலைகுனிவது, மண்டியிடுவது, கை உயர்த்துவது, பாடாமல் வாய்மூடி நிற்பது ஆகியவை அமெரிக்காவில் அரை நூற்றாண்டுக்கு மேல் தொடர்ந்துவரும் எதிர்ப்பு முறைகள். இந்தியாவில் இதற்கு நேரான நிகழ்ச்சி என்று சுட்ட எதுவும் இல்லை. அதனால் இந்திய வீரர்கள் எதிர்க்கத் தெரியாதவர்கள் என்று ஆகிவிடாது. உடைமாற்றும் அறையில் எதிர்த்திருக்கிறார்கள். கைக்கெட்டிய கோப்பையை நாடே விட்டுக்கொடுத்து எதிர்த்திருக்கிறது. பெற்ற விருதை நடைபாதையில் வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். கீதம் ஒலிக்கும் அந்த 52 விநாடிகளை மட்டும் அவர்கள் தொட்டதில்லை. அதைத் தொட்டு, அது பற்றிய தீர்ப்பையே எழுதவைத்தவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். தர்மபுரி மாவட்டத்தில் 2022ஆம் ஆண்டு கொடியேற்றம் பற்றிய சர்ச்சையும் பள்ளி வளாகத்தில்தான் எழுந்தது.

அமெரிக்க வழக்கம்

அமெரிக்க விளையாட்டில் கீதம் நுழைந்தது போர்க்காலத்தில். முதல் உலகப் போரின்போது, 1918ஆம் ஆண்டு பேஸ்பால் உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில், ஆட்ட இடைவேளையில் வாத்தியக் குழு அந்தப் பாடலை வாசித்தது. கூட்டம் எழுந்து நின்றது. சட்டப்படி அது தேசிய கீதமானது 1931இல்தான். அதாவது, நாடு ஏற்குமுன்பே மைதானம் அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. காலப்போக்கில் உள்ளூர் லீக் ஆட்டங்களுக்கு முன்பும் கீதம் பாடுவது வாடிக்கையாயிற்று. எதிர்ப்புக்கு வாய்ப்பு பிறந்ததும் இந்த வாடிக்கையில்தான். நாலாண்டுக்கு ஒருமுறை ஒலிக்கும் பாட்டை யாரும் மேடையாக்க முடியாது. வாராவாரம் ஒலிப்பதை ஆக்கலாம்.

1968 அக்டோபர் 16 அன்று மெக்சிகோ நகர ஒலிம்பிக்கில், 200 மீட்டர் ஓட்டத்தில் தங்கமும் வெண்கலமும் வென்ற டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோசும் காலணியின்றிக் கறுப்புக் காலுறையுடன் மேடையேறினர். கீதம் ஒலித்தபோது கறுப்புக் கையுறை அணிந்த முஷ்டியை உயர்த்தித் தலைகுனிந்து நின்றனர். இருவரும் போட்டியிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அப்போது சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் தலைவர் ஏவரி பிரண்டேஜ். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் அமெரிக்க ஒலிம்பிக் அமைப்பின் தலைவராக இருந்து, நாஜி வணக்கங்களில் குறை காணாதவர் அவர்; முஷ்டியில் அரசியலைக் கண்டார். அதே மெக்சிகோ போட்டியில் செக்கோஸ்லோவாகியாவின் ஜிம்னாஸ்டிக் வீராங்கனை வேரா சாஸ்லாவ்ஸ்கா, தம் நாட்டுக்குள் படை புகுந்த சோவியத்தின் கீதம் ஒலித்தபோது தலையைத் திருப்பித் தாழ்த்திக்கொண்டார். வெள்ளையர், கறுப்பர் என்ற எல்லையைத் தாண்டியும் இந்த முறை பயன்பட்டதற்கு அது சான்று.

1996இல் கூடைப்பந்து வீரர் மஹ்மூத் அப்துல் ரவூப் கீதத்துக்கு எழுந்து நிற்க மறுத்தார். ஓர் ஆட்டத்துக்குத் தடை விதிக்கப்பட்டது. பிறகு எழுந்து நின்று தலைதாழ்த்திப் பிரார்த்திப்பது என்று இரு தரப்பும் இணங்கின. 2016 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோ அமெரிக்கக் கால்பந்து அணியின் கோலின் கேப்பர்னிக், கறுப்பர்மீது காவல்துறை காட்டும் வன்முறையைக் கண்டித்து முதலில் உட்கார்ந்தார். முன்னாள் ராணுவ வீரர் நேட் பாயருடன் பேசிய பின், செப்டம்பர் 1 முதல் உட்காருவதற்குப் பதில் ஒரு காலில் மண்டியிட்டார். மரியாதைக் குறைவு என்ற குற்றச்சாட்டைத் தவிர்க்கத் தேர்ந்தெடுத்த அந்த நிலையே பெரிய குற்றச்சாட்டாகியது. 2017 முதல் எந்த அணியும் அவரை ஒப்பந்தம் செய்யவில்லை. 2020இல் ஜார்ஜ் ஃபிளாய்டு காவலரால் கொல்லப்பட்ட பின்னரே, வீரர்கள் சொன்னதை முன்பே கேட்காதது தவறு என்று லீக்கின் ஆணையர் ராஜர் குடெல் ஒப்புக்கொண்டார். கேப்பர்னிக்கின் பெயரை அவர் சொல்லவில்லை.

பெர்லின், 1936

இந்தியாவில் கதை வேறிடத்தில் தொடங்குகிறது. விடுதலைக்கு முன் சர்வதேசப் போட்டிக்குப் போன இந்திய அணிக்குக் கொடியும் கீதமும் பிரிட்டிஷாருடையவை. பெர்லின் ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஹிட்லருக்கு முன்னே அணிவகுத்த இந்தியர்கள் நாஜி வணக்கம் செலுத்தவில்லை. அது வெளிப்படையான மறுப்பு. ஆனால் மறுக்கப்பட்டது அந்நியருடைய அடையாளம். தங்கள்மீது சுமத்தப்பட்ட அடையாளத்தை மறுத்த இடம் அரங்கம் அல்ல, அறை. பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மனியிடம் 4–1 எனத் தோற்றிருந்த ஹாக்கி அணி, ஆகஸ்ட் 15 அன்று இறுதிப் போட்டிக்கு முன் கலக்கத்தில் இருந்தது. அணி நிர்வாகிகளில் ஒருவரான பங்கஜ் குப்தா காங்கிரசின் மூவர்ணக் கொடியை எடுத்துக் காட்டினார். வீரர்கள் அதற்கு வணக்கம் செலுத்திவிட்டுக் களமிறங்கினார்கள். முற்பகுதியில் ஒரே ஒரு கோல், முடிவில் 8–1. அணித்தலைவர் தியான் சந்த் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் பணியாற்றியவர் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த வணக்கத்தின் எடை தெரியும். சம்பளம் கொடுத்தவர் ஒருவர், வணங்கிய கொடி வேறொன்று. அது யாருக்கும் தெரியாத அறைக்குள் நடந்ததால்தான் அவரால் பணியில் தொடர முடிந்தது என்றும் கொள்ளலாம்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1948 ஆகஸ்ட் 12 அன்று லண்டன் வெம்ப்ளியில், பிரிட்டனை 4–0 என வென்ற அணிக்குச் சொந்தக் கொடி ஏறியது. அறையில் ஒளித்து வணங்கிய கொடியின் வழிவந்தது, ஆண்டவர்களின் ஊரிலேயே பறந்தது. இந்திய வீரர்களுக்குக் கீதமும் கொடியும் எதிர்ப்பின் பலனாக வந்தவை. எதிர்ப்பின் இலக்காக அவை தோன்றாததற்கு இந்தப் பின்னணி ஒரு காரணம். தர்மபுரிப் பகுதியில் இதற்கு நேரடித் தடயமும் உண்டு. சிறையில் தொழுநோய்க்கு ஆளாகி வெளிவந்த விடுதலைப் போராளி சுப்பிரமணிய சிவா பாப்பாரப்பட்டியில் பாரத ஆசிரமம் அமைத்தார். பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்ப 1923இல் சித்தரஞ்சன் தாசை அழைத்து அடிக்கல் நாட்டச் செய்தார். கோயில் எழுமுன்பே 1925 ஜூலை 23இல் மறைந்தார். தேசச் சின்னத்தை வணங்குவதே அரசுக்கு எதிரான செயலாக இருந்த காலம் அது.

ஆடாமல் விட்ட கோப்பை

விடுதலைக்குப் பின் வந்த எதிர்ப்புகளில் தமிழர்களுக்கு மிக நெருக்கமானது 1974 டேவிஸ் கோப்பை டென்னிஸ். விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் முன்னின்ற இந்திய அணி ஆஸ்திரேலியாவையும் சோவியத் யூனியனையும் வென்று இறுதிக்கு வந்தது. எதிரே இருந்தது நிறவெறி ஆட்சியின் தென்னாப்பிரிக்கா. இந்தியா ஆட மறுத்தது. கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போயிற்று. இறுதிப் போட்டி ஆடப்படாமலேயே டேவிஸ் கோப்பை முடிவானது அந்த ஒருமுறைதான். முடிவெடுத்தது அரசும் சங்கமும், இழந்தது வீரர்கள். தனிமனித மனச்சாட்சியின் குரல் என்று இதைச் சொல்ல முடியாது. நாடே எதிர்ப்பாளராக நின்றபோது வீரருக்குத் தனியே எதிர்க்க வேலை இல்லாமற்போயிற்று.

பள்ளியிலிருந்து நீதிமன்றத்துக்கு

கீதத்தின்போது அமைதியாக இருக்கலாமா என்ற கேள்விக்கு இந்தியாவில் விடை தேடிக்கொடுத்தவர்கள் கேரளத்தின் மூன்று மாணவர்கள். யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த அவர்கள் காலைக் கூட்டத்தில் மற்றவர்களோடு எழுந்து நின்றார்கள், பாடவில்லை. பல ஆண்டுகளாக யாரும் இதைப் பொருட்படுத்தவில்லை. 1985 ஜூலையில் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் கேள்வி எழுப்பினார். விசாரணைக் குழு, பிள்ளைகள் ஒழுங்கானவர்கள், கீதத்துக்கு அவமரியாதை காட்டவில்லை என்றே அறிக்கை கொடுத்தது. இருந்தும் ஜூலை 26 அன்று பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். கேரள உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. 1986 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் சின்னப்ப ரெட்டியும் எம்.எம். தத்தும் பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டனர். பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று பெயர்பெற்ற அந்தத் தீர்ப்பு, மரியாதையுடன் எழுந்து நிற்பவர் பாடாமலிருப்பது குற்றமல்ல என்கிறது. 1943இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதே பிரிவுப் பிள்ளைகளின் கொடி வணக்க வழக்கில் அளித்த பார்னெட் தீர்ப்பும் அதில் பேசப்படுகிறது.

சட்டத்தின் சொற்களும் குறுகியவையே. 1971ஆம் ஆண்டின் தேசிய மரியாதைக்கு அவமதிப்பைத் தடுக்கும் சட்டம், கீதம் பாடுவதை வேண்டுமென்றே தடுப்பதையும், பாடும் கூட்டத்தைக் குலைப்பதையும் தண்டிக்கிறது. உச்ச தண்டனை மூன்றாண்டுச் சிறை. எழுந்து நிற்க வேண்டும் என்பது உள்துறை அமைச்சகத்தின் வழிகாட்டுதலில் இருக்கிறது. அதற்குத் தண்டனைப் பிரிவு இல்லை. கீதத்தை மதிப்பது அடிப்படைக் கடமை என்று 42ஆவது திருத்தம் சேர்த்த பிரிவும் தண்டனை பேசுவதில்லை.

இந்த இடைவெளியை 2016 நவம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றமே சிக்கலாக்கியது. திரையரங்குகளில் படத்துக்கு முன் கீதம் ஒலிக்க வேண்டும், அனைவரும் எழுந்து நிற்க வேண்டும் என்று இடைக்கால ஆணை வந்தது. சில நாள்களில் சென்னைத் திரையரங்கு ஒன்றில் எழுந்து நிற்காதவர்கள் தாக்கப்பட்டார்கள்; வழக்கும் அவர்கள்மீதே பதிவாயிற்று. 2018 ஜனவரி 9 அன்று கீதம் ஒலிப்பது கட்டாயமல்ல என்று நீதிமன்றம் தளர்த்தியது. ஒலித்தால் எழுந்து நிற்க வேண்டும் என்பதை விடவில்லை.

தர்மபுரி, ஆகஸ்ட் 2022

விடுதலையின் 75ஆம் ஆண்டு நிறைவில், வீடுதோறும் கொடி என்ற இயக்கம் நடந்த வாரத்தில், தர்மபுரி மாவட்டம் இரண்டு சர்ச்சைகளைக் கண்டது. ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியை சுதந்திர தினத்தன்று கொடியேற்ற மறுத்தார். உதவித் தலைமையாசிரியர் ஏற்றினார். கொடியை அவமதிக்கவில்லை, கடவுளுக்கு மட்டுமே வணக்கம் செலுத்தத் தம் மதம் அனுமதிக்கிறது என்பது அவர் விளக்கம். புகார் மாவட்டக் கல்வி நிர்வாகத்துக்குப் போயிற்று. அதே நாள்களில், பாப்பாரப்பட்டியின் பாரத மாதா நினைவாலயத்தில் பூட்டை உடைத்து மாலையிட்டதாக பா.ஜ.க. பிரமுகர் ஒருவர் கைதானார். ஒருவர் சின்னத்தை வணங்க மறுத்தார். மற்றவர் வணங்கியே தீருவேன் என்றார். இருவருமே விதியோடு மோதினார்கள்.

1986 தீர்ப்பு மாணவருக்குக் கொடுத்த பாதுகாப்பு அரசு ஊழியருக்கு அப்படியே பொருந்துமா என்பது வேறு கேள்வி. மாணவர் கூட்டத்தில் ஒருவர்; கொடியேற்றுவது தலைமையாசிரியரின் அலுவல். பெரும்பாலான இந்திய விளையாட்டு வீரர்கள் நிற்பதும் இந்த இரண்டாம் நிலைக்கு அருகில்தான்.

வீரரின் வேலை

அமெரிக்க லீக் வீரருக்குச் சம்பளம் தருபவர் தனியார் முதலாளி. இந்தியாவில் தடகள வீரர், மல்யுத்த வீரர், கபடி வீரர் பெரும்பாலும் ரயில்வேயிலோ, ராணுவத்திலோ, காவல்துறையிலோ, பொதுத்துறை நிறுவனத்திலோ வேலைபார்ப்பவர். தர்மபுரி போன்ற மாவட்டத்துப் பிள்ளைக்கு விளையாட்டு என்பது விடுதி, சான்றிதழ், விளையாட்டு ஒதுக்கீடு, அரசு வேலை என்று போகும் பாதை. நடத்தை விதிகள் அந்தப் பாதையின் முடிவில் காத்திருக்கின்றன. தவிர, உள்நாட்டுப் போட்டிகளில் கீதம் அன்றாட வழக்கமில்லை. 2015 புரோ கபடி லீக் தொடக்க விழாவில் அமிதாப் பச்சன் பாடியது செய்தியானது. வீரருக்குக் கீதம் கிடைப்பது நாட்டுக்காக ஆடும் நாளில், பல ஆண்டு உழைப்புக்குப் பிறகு.

2021 ஜனவரியில் சிட்னி டெஸ்ட் இதை நன்கு காட்டியது. முதல் நாள் கீதத்தின்போது முகமது சிராஜ் கண்ணீர் விட்டார். சில வாரங்களுக்கு முன்தான் தந்தையை இழந்திருந்தார். அதே ஆட்டத்தில் பார்வையாளர்கள் அவரை இழிவாகப் பேசினார்கள். சிராஜ் நடுவரிடம் புகார் செய்தார், ஆட்டம் நின்றது, ஆறு பேர் வெளியேற்றப்பட்டனர். எதிர்ப்பு விதியின் வழியே சென்றது, கீதம் அதற்கு அப்பால் இருந்தது. அதே ஆண்டு அக்டோபர் 24 அன்று துபாயில் பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டத்துக்கு முன் இந்திய அணி மண்டியிட்டது. ஆனால் கீதத்தின்போது அல்ல. நிர்வாகம் சொன்னதால் மண்டியிட்டதாகத் தலைவர் விராட் கோலி பிறகு கூறினார். கேப்பர்னிக்குக்கு வேலையைப் பறித்த செயல், இங்கே நிர்வாகத்தின் அறிவுறுத்தலாக வந்து சேர்ந்தது.

2023இன் மல்யுத்த வீரர்கள் போராட்டம் இவற்றிலெல்லாம் கடுமையானது. கூட்டமைப்புத் தலைவராக இருந்த பிரிஜ் பூஷண் சரண் சிங்மீது பாலியல் துன்புறுத்தல் புகார் எழுப்பி ஜந்தர் மந்தரில் அமர்ந்தவர்கள், மே 28 அன்று புதிய நாடாளுமன்றம் நோக்கி நடந்தபோது கையில் தேசியக் கொடி வைத்திருந்தார்கள். காவலர்கள் இழுத்தபோது வினேஷ் போகட்டும் சங்கீதா போகட்டும் கொடியோடு சாலையில் விழுந்து கிடந்த படத்தை நாடே பார்த்தது. இரண்டு நாள் கழித்துப் பதக்கங்களைக் கங்கையில் விட ஹரித்வார் சென்று, விவசாயத் தலைவர் நரேஷ் திகைத் கேட்டுக்கொண்டதால் திரும்பினார்கள். டிசம்பரில் பஜ்ரங் புனியா பத்மஸ்ரீயை நடைபாதையில் வைத்தார். வினேஷ் கேல் ரத்னாவையும் அர்ஜுனா விருதையும் கர்தவ்ய பாதையில் விட்டுச் சென்றார். அரசு தந்ததைத் திருப்பினார்கள். நாட்டின் சின்னத்தைக் கையிலேயே வைத்திருந்தார்கள்.

கீதத்தின்போதே எதிர்ப்பது அமெரிக்காவோடு நின்றுவிடவில்லை. 2022 நவம்பர் 21 அன்று கத்தாரில் ஈரான் கால்பந்து அணி கீதம் பாடாமல் நின்று, நான்கு நாள் கழித்து அடுத்த ஆட்டத்தில் பாடியது. அவர்களுக்கு எதிர்ப்பின் விலை வேறு. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2021இல், அரசியல் கருத்துக் காட்டுவதைத் தடுக்கும் 50ஆம் விதியைத் தளர்த்தி, ஆட்டத்துக்கு முன் களத்தில் கருத்துக் காட்ட அனுமதித்தது. பதக்க மேடையில் இன்னும் அனுமதியில்லை.

இந்திய வீரர் ஒருவர் நாளை கீதத்தின்போது எழுந்து நின்று பாடாமலிருந்தால் 1986 தீர்ப்பு அவருக்குத் துணை நிற்கும். மண்டியிட்டால் நிற்குமா என்பதை எந்த நீதிமன்றமும் இன்னும் தீர்மானிக்கவில்லை. அவர் அரசு ஊழியராகவும் இருந்தால், நீதிமன்றத்துக்கு முன்பே துறையின் விளக்கக் கடிதம் வந்து சேரும்.