மோட்டார் வண்டிப் பாட்டுப் பெட்டியின் சரித்திரம்

மோட்டார் வண்டிகளை உற்பத்தி செய்தவர்கள் எஞ்சினுக்கும் சக்கரங்களுக்கும் காட்டிய சிரத்தையில் பத்தில் ஒரு பங்கைக்கூடப் பிரயாணியின் செவிக்குக் காட்டியதில்லை என்பதும், அந்தக் குறையை நிவர்த்தி செய்தவர்கள் பெரும்பாலும் தொழிற்சாலைக்கு வெளியே இருந்த பட்டறைக்காரர்களும் சில்லறை வியாபாரிகளுமே என்பதும், அமெரிக்காவில் இந்த வர்த்தகம் வளர்ந்த வரலாற்றைப் படிப்பவர்களுக்கு எளிதில் புலனாகும். வண்டியோடு வருகிற கம்பெனி செட்டைக் கழற்றிவிட்டு, கைக்கு அடக்கமான செலவில் வேறொன்றைப் பொருத்திக்கொள்ளும் வழக்கத்தைச் சமீப காலத்து வாலிபர்களின் மோகம் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. உண்மையில், கம்பெனி செட் என்ற ஒன்று பரவலாவதற்கு முன்பே அவ்வழக்கத்துக்கு வித்து ஊன்றியாகிவிட்டது.

1928-இல் சிகாகோ நகரில் பால் கால்வின், ஜோசப் கால்வின் என்ற சகோதரர் இருவர், பாட்டரியில் ஓடும் வீட்டு ரேடியோக்களை மின்சாரத்தில் இயங்கச் செய்யும் ஒரு கருவியைத் தயாரிக்கத் தொடங்கினார்கள். நேராகவே மின்சாரத்தில் இயங்கும் ரேடியோக்கள் சந்தைக்கு வந்ததும் அக்கருவிக்கு மவுசு குறைந்தது. போதாக்குறைக்கு, மறுவருஷமே பங்குச் சந்தை சரிந்து தேசமெங்கும் மந்தம் கவிந்தது. பிழைக்கும் மார்க்கம் தேடிய சகோதரர்கள் மோட்டார் வண்டிக்குள் ரேடியோவைப் பொருத்தும் யோசனையில் இறங்கினார்கள். 1930 ஜூன் மாதத்தில் அட்லாண்டிக் சிட்டியில் ரேடியோ உற்பத்தியாளர்களின் மாநாடு கூடியபோது, பால் கால்வின் தம்முடைய ஸ்டூடிபேக்கர் வண்டியிலேயே ரேடியோவை அமைத்து அங்கே ஓட்டிச் சென்று, வண்டியை வெளியே நிறுத்தி, வருவோர் போவோர் காதில் விழும்படி அதைப் பாடவிட்டார். மோட்டரோலா என்ற பெயரில் அவர்கள் விற்ற அந்த ரேடியோவின் விலை 110 முதல் 130 டாலர் வரை இருந்தது. ஒரு புதிய ஃபோர்டு வண்டியே ஏறத்தாழ 500 டாலருக்குக் கிடைத்த காலம் அது என்பதை நினைத்துப் பார்த்தால், வண்டியில் பாட்டுக் கேட்பது எத்தகைய ஆடம்பரமாக இருந்திருக்கும் என்பது விளங்கும்.

விலையைவிடப் பெரிய சங்கடம் அதைப் பொருத்துவதில் இருந்தது. ரேடியோப் பெட்டி ஓரிடம், ஒலிபெருக்கி வேறிடம், வால்வுகளுக்கு உயர் அழுத்த மின்சாரம் தரும் தனிப் பாட்டரிகள் தரைப்பலகைக்கு அடியில் மற்றோரிடம் என்று உறுப்புகள் சிதறிக் கிடந்தன. ஆகாய அலையை வாங்கும் கம்பியை இழைப்பதற்கு வண்டிக் கூரையின் உட்துணியையே பிரிக்க வேண்டியிருந்தது. இவ்வளவையும் செய்து முடித்து எஞ்சினை முடுக்கினால், ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கும் வெட்டும் பொறியானது ரேடியோவுக்குள் படபடவென்ற ஓசையாக வந்து பாட்டை விழுங்கிவிடும். அதை அடக்குவதற்குப் பிளக்குகளில் மின்தடைகளையும், டைனமோவில் கண்டன்ஸரையும் இணைக்கும் வித்தையைக் கற்ற மெக்கானிக்குகளே இந்தத் தொழிலின் ஆதிபுருஷர்கள் என்று சொல்லுவேன். பின்னர் வைப்ரேட்டர் என்ற சிறு சாதனம் வந்தது. வண்டியின் 6 வோல்ட் மின்சாரத்தை வினாடிக்கு நூறு தடவைக்குமேல் துண்டித்துத் துண்டித்து, மின்மாற்றியின் வழியாக வால்வுகளுக்கு வேண்டிய உயர் அழுத்தத்துக்கு அது ஏற்றிக் கொடுத்தபடியால், தரைக்கு அடியிலிருந்த தனிப் பாட்டரிகள் மறைந்தன.

விற்பனை பெருகக் கண்டதும் மோட்டார் கம்பெனிகள் ரேடியோவைத் தாங்களே விற்க முன்வந்தன. அவற்றின் முயற்சிகளில் வேடிக்கையானது 1956-ஆம் வருஷத்து கிரைஸ்லர் வண்டிகளில் வந்த இசைத்தட்டுக் கருவி. நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டைக் கண்டுபிடித்த குழுவின் தலைவரான பீட்டர் கோல்ட்மார்க் என்பவரே, நிமிஷத்துக்கு 16⅔ தடவை சுழலும் பிரத்தியேகத் தட்டு ஒன்றை இதற்கென்று அமைத்தார். பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறினாலும் முள் வழுக்கக்கூடாது என்பது அவருடைய சங்கற்பம். ஆனால் கருவிகள் அடிக்கடி பழுதுபட்டன, கொலம்பியா கம்பெனி வெளியிட்ட சில தட்டுகளைத் தவிர வேறெதையும் அதில் போட்டுக் கேட்க வழியுமில்லை. சில வருஷங்களில் அது கைவிடப்பட்டது. தான் விரும்பும் பாட்டைக் கேட்கும் சுதந்திரம் வாங்குபவனுக்கு இல்லாதபோது, யந்திரம் எவ்வளவு சாமர்த்தியமாக அமைந்திருந்தும் பயனில்லை.

அந்தச் சுதந்திரத்தைக் கொடுக்க முன்வந்தவர், கலிபோர்னியாவில் பழைய கார்களை விற்றும், மலிவான டெலிவிஷன் பெட்டிகளைச் செய்தும், தம்மைத் தாமே பைத்தியக்காரன் என்று விளம்பரப்படுத்திக்கொண்டும் புகழ் பெற்ற ஏர்ல் மண்ட்ஸ் என்பவர். அறுபதுகளின் தொடக்கத்தில், முடிவில்லாமல் சுற்றும் நாடாவை அடைத்த பெட்டிகளையும் அவற்றை வாசிக்கும் கருவியையும் வண்டிகளில் பொருத்திக் கொடுத்தார். அதைப் பார்த்து மேலும் திருத்தியவர், முன்பு கால்வின் சகோதரர்களின் ரேடியோவுக்கு உதவி செய்தவரும் பின்னால் ஜெட் விமானம் கட்டியவருமான பில் லியர். அவருடைய எட்டுத் தட நாடாவை ஃபோர்டு கம்பெனி 1966-ஆம் வருஷத்து வண்டிகளில் ஏற்றது. ஆனால் பிலிப்ஸ் கம்பெனி 1963-இல் வெளியிட்ட சிறு கேசட், உருவத்தில் சிறியதாயும் வீட்டிலேயே பாட்டைப் பதிந்துகொள்ளத் தக்கதாயும் இருந்தபடியால், அது எட்டுத் தடத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது.

இவ்வளவுக்கும் ஒலிபெருக்கியைப் பற்றி ஒருவரும் கவலைப்படவில்லை என்பதே எனக்கு ஆச்சரியம். டாஷ்போர்டின் நடுவில் ஒரே ஒரு காகிதக் கூம்பு, அதன் பின்னால் கட்டைவிரல் பருமனுள்ள காந்தம், அது கண்ணாடியைப் பார்த்துப் பாடும். அதைக் கேட்டே வாழ்நாளைக் கழித்தவர்கள் கோடிப்பேர். அதை மாற்ற நினைத்தவர்களுக்கும் வழி எளிதாக இல்லை. 1974-இல் வர்ஜீனியாவின் சார்லட்ஸ்வில் ஊரில் பில் கிரட்ச்ஃபீல்டு என்ற இளைஞர், தாம் புதுப்பித்துக்கொண்டிருந்த பழைய போர்ஷே வண்டிக்கு ஏற்ற ஸ்டீரியோவைத் தேடி அலைந்து காணாமல், தாமே தபால் மூலம் விற்பனை தொடங்கினார். முதலில் வியாபாரம் நொண்டியது. வாங்காதவர்களிடம் காரணம் விசாரித்தபோது, விலையும் குணமும் பிடித்திருந்தும் தங்கள் கையால் பொருத்துவதற்கு அஞ்சியதை அறிந்தார். அதன்பின் அவருடைய விலைப்பட்டியல், பொருத்தும் முறையையும் தேர்ந்தெடுக்கும் விதத்தையும் விளக்கும் பாடப்புத்தகமாக மாறியது, வியாபாரமும் நிமிர்ந்தது. ஏழைக் கூலிக்காரனும் சனிக்கிழமை மாலையில் ஒரு திருப்புளியோடு இக்காரியத்தை முடிக்கலாம் என்ற தைரியத்தைப் பரப்பியதில் அந்தப் பட்டியலுக்குப் பெரும் பங்கு உண்டு.

தைரியத்துக்கு ஓர் அளவுகோலும் துணை வந்தது. ஜெர்மானிய தரநிர்ணய அமைப்பு ரேடியோவின் முகத்துக்கு 180 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் வகுத்திருந்தது; 1984-இல் அது சர்வதேச அளவாகவும் ஏற்கப்பட்டது. ஜப்பானியர்கள் அதன் உயரத்தை இரட்டித்து 100 மில்லிமீட்டர் ஆக்கினார்கள். ரேடியோ நுழையும் பொந்து இப்படி ஒன்று போல அமைந்ததால் எந்தக் கடையில் வாங்கிய செட்டும் பெரும்பாலான வண்டிகளில் நுழைந்தது. மீதியிருந்த இடைவெளியை நிரப்பப் பிளாஸ்டிக் சட்டங்களும், மஞ்சள் கம்பி பாட்டரிக்கு, சிவப்பு சாவிக்கு, கறுப்பு தரைக்கு என்ற வழக்கமும் போதுமாயின. என் அபிப்பிராயத்தில் இந்தத் தொழிலின் மகத்தான கண்டுபிடிப்பு கேசட்டும் அல்ல, பின்னால் வந்த லேசர் தட்டும் அல்ல, அந்தப் பொந்துதான்.

நம் ஊரில் இந்தக் கலை வேறு வழியாக வந்தது. வண்டியிலுள்ள ரேடியோவுக்கும் தபாலாபீசில் லைசென்சு கட்டிய காலம் ஒன்று இருந்தது. பிறகு, பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் நடத்திய சென்னை பர்மா பஜாரில் ஜப்பானிய கேசட் செட்டுகள் கைமாறின. செட்டே இல்லாமல் வெறும் பொந்தோடு வந்த மாருதி வண்டிகளை ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டுக் கடைகளின் வாசலில் நிறுத்தி, பேரம் பேசி, அங்கேயே பொருத்திக்கொண்டு போனவர்கள் பலர்.

செட்டு மலிவானதும் பொய்யும் மலிந்தது. பெட்டிமேல் '50 வாட் நான்கு' என்று அச்சிடுவார்கள். 14.4 வோல்ட் மின்சாரத்தையும் 4 ஓம் ஒலிபெருக்கியையும் வைத்துக் கணக்கிட்டால், வோல்டேஜை உயர்த்தும் உறுப்பு இல்லாத அந்தச் செட்டு ஒவ்வோர் ஒலிபெருக்கிக்கும் தொடர்ந்து 20 வாட் அளவுக்கு மேல் தருவது அரிது. அமெரிக்க உற்பத்தியாளர் சங்கம் 2003-இல் ஓர் அளவீட்டு முறையை வகுத்து, ஒரு சதவீதச் சிதைவுக்குள் தரும் சக்தியைத்தான் எழுத வேண்டும் என்றது. ஆனால் அது சம்மதிப்பவர்களை மட்டுமே கட்டும் விதி; மலிவான பெட்டிகளின் மேல் பழைய எண்களே இன்றும் பிரகாசிக்கின்றன.

இப்போதைய வண்டிகளில் ஏசியும், பின்பக்கக் கேமராவும், ஸ்டியரிங் பொத்தான்களும் ஒரே தொடுதிரைக்குள் அடங்கிவிட்டதால் அந்த நீள்சதுரப் பொந்து மறைந்துவருகிறது. ஆனால் கதவிலுள்ள ஒலிபெருக்கியை இன்னும் எவரும் மாற்றலாம். கூம்பின் முன்புறத்திலிருந்து வரும் ஒலியும் பின்புறத்திலிருந்து வரும் ஒலியும் கதவின் ஓட்டைகள் வழியே கலந்து ஒன்றையொன்று அழிப்பதனாலேயே பல வண்டிகளில் தாழ்ந்த சுருதி கேட்பதில்லை. ஆகையால், சிக்கனமாகச் செய்ய விரும்பும் வாசகர் புதுத் திரைக்கும் பெரிய ஆம்ப்ளிஃபையருக்கும் ஆசைப்படுவதற்கு முன், கதவின் உள்தகட்டு ஓட்டைகளைப் பிசின் பூசிய ரப்பர்த் தகட்டால் அடைத்து, முன்கதவுகளில் நடுத்தர விலையுள்ள ஒலிபெருக்கிகள் இரண்டைத் திருகி வைத்துக் கேட்டுப் பார்க்கட்டும். அதன் பிறகும் திருப்தி ஏற்படாவிட்டால், அப்போது மேற்கொண்டு செலவு செய்யலாம்.