மின்னலின் மெய்யுருவம்

இடி முழங்கும்போது ‘அருச்சுனா, அருச்சுனா’ என்று கூறிக் காதைப் பொத்திக்கொள்ளும் வழக்கத்தை நாம் அறிவோம். மின்னலை இந்திரனது வச்சிராயுதம் என்றனர் நம் முன்னோர். சூஸ் தெய்வத்தின் படைக்கலம் என்றனர் கிரேக்கர். அஞ்சியவற்றுக்குத் தெய்வப் பெயரிடுதல் மனித இயல்பு. ஐரோப்பிய ஓவியரோ, கூரிய கோணங்களில் மடிந்து மடிந்து இறங்கும் ஈட்டியாக அதனைத் தீட்டினர். கண்ணிமைப்பொழுதில் மறையும் ஒன்றைச் சரிபார்க்க எவராலும் இயலாமையால், அவ்வுருவமே உண்மையென நிலைத்தது.

அதனைச் சோதிப்பதற்குக் கருவி வேண்டியிருந்தது. அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் ஈஸ்டர்லி என்பவர் 1847 இலேயே வெள்ளி பூசிய செப்புத் தகடொன்றில் மின்னலைப் பிடித்தார். எனினும் அது அரிதாய்க் கிட்டிய வெற்றி. பின்னர் வழக்கிலிருந்த ஈரத் தகடுகளோ காயுமுன்னரே பயன்படுத்தப்பட வேண்டியவை. எப்பொழுது மின்னுமென்று காத்திருப்போருக்கு அவை உதவா. 1871 இல் மடொக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் உலர் தகட்டுக்கு வழிகாட்டிய பின்னரே அத்தடை நீங்கியது.

1882 செப்டெம்பர் 2 ஆம் நாள், பிலடெல்பியாவில் வில்லியம் ஜெனிங்ஸ் என்ற புகைப்படக்காரர் மின்னலைப் படமெடுத்தார். ஓவியர் தீட்டும் கோணல் ஈட்டி மெய்தானா என்பதை அறிவதே அவரது நோக்கம். முறை எளியது: இருளில் கமெராவைப் புயலை நோக்கி நிறுத்தி, மூடியைத் திறந்துவைத்துக் காத்திருத்தல். மின்னல் தன் ஒளியாலேயே தன்னை வரைந்துகொள்ளும். தகட்டில் ஈட்டி இல்லை. கிளையாறுகளோடு கூடிய நதியொன்றின் படம் போன்ற வளைவுகளே பதிந்திருந்தன.

உருவம் தெரிந்தது; இயக்கம் தெரியவில்லை. 1900 இல் ஆங்கிலப் பௌதிகவறிஞர் போய்ஸ், சுழலும் இரு வில்லைகள் கொண்ட கமெராவை அமைத்தார். தக்கதொரு மின்னல் அதிற் சிக்குவதற்கு 1928 வரை அவர் காத்திருக்க நேர்ந்தது. 1933 முதல் ஷொன்லாண்டும் அவர்தம் தோழரும் ஜொகன்னஸ்பேர்க் நகரில் அதே வகைக் கருவியைக் கையாண்டு புதிரை அவிழ்த்தனர். முதலில் மங்கிய ஒளியொன்று ஏறத்தாழ 50 மீற்றர் கொண்ட படிகளாக, நின்று நின்று முகிலிலிருந்து இறங்குகின்றது. அது நிலத்தை அணுகியதும் பேரொளி அதே வழியில் மேல்நோக்கிப் பாய்கின்றது. நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே.

இவ்வாராய்ச்சி ஏன் அங்கு நிகழ்ந்தது? அப்பகுதியில் இடிமின்னற் புயல்கள் மிகுதி. அத்துடன், தங்கச் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் கம்பிகளை மின்னல் தாக்கியது. 1936 இல் ஷொன்லாண்டுக்கென விற்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் நிறுவப்பட்ட ஆய்வுநிலையம், மின் கம்பனியொன்றின் தலைமைப் பொறியியலாளராயிருந்த பேர்ணார்ட் பிரைஸ் அளித்த நன்கொடையால் எழுந்தது. கம்பிகளைக் காப்பதில் மூலதனத்துக்கு அக்கறை இருந்தது. அச்சுரங்கங்களில் உழைத்த ஆபிரிக்கரின் கிராமக் குடிசைகளுக்கு மேலும் அதே மின்னல்தான் இறங்கியது. அங்கே இடிதாங்கி இல்லை.

இன்றும் மின்னலுக்கு மிகுதியாகப் பலியாவோர் வயலிலும் கடலிலும் மேய்ச்சல் நிலத்திலும் வேலைசெய்வோரே. தனிமரத்தடி தஞ்சமன்று, ஆபத்து என்ற சிறு உண்மைகூட அவர்களுட் பலரை எட்டவில்லை. அறிஞர் இரவெல்லாம் விழித்துப் பெற்ற அறிவு, மழையில் நனைந்து உழைப்பவனுக்கு முதலிற் சேரவேண்டும். ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நம்மிடம் எஞ்சியிருக்கும் பணி அதுவே.