பாலைவழியில் பதிந்த ஒட்டகத் தடங்கள்

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பாலையை ஊர்தியில் கடக்க விழையும் பயணிகளைப் பெரிதும் ஈர்ப்பது ஊடனடாட்டா தடம். தென் ஆஸ்திரேலியாவின் மாரீ என்னும் சிற்றூரில் தொடங்கி மார்லாவைச் சென்றடையும் ஏறத்தாழ 620 கிலோமீட்டர் நீள மண்சாலை அது. ஒரு மழை பெய்தாலும் வழி அடைபட்டுவிடும். உதிரிச் சக்கரமும் எரிபொருளும் குடிநீரும் இன்றி அங்கே செல்வது உயிருக்கு ஆபத்து. இக்காரணங்களாலேயே அதனைச் சாகசப் பயணம் என்கின்றனர். அவ்வழியைச் சாகசமாக அன்றி அன்றாடப் பிழைப்பாகக் கொண்டு நடந்த முஸ்லிம்களின் வரலாற்றையே நாம் இங்குக் காண விழைகிறோம்.

இத்தடம் இவ்விடத்தில் அமைந்ததற்கு நீரே காரணம். நிலத்தடியில் பரந்து கிடக்கும் ஆர்ட்டீசியப் பெருநீர்ப்படுகையின் நீர் இங்கே வரிசையாக ஊற்றெடுக்கிறது. அவ்வூற்றுகளை அறிந்து நெடுங்காலம் நடமாடியோர் அரபனா முதலிய தொல்குடி மக்கள். பின்னர் வந்த ஆய்வுப் பயணியரும், தந்திக் கம்பியும், இருப்புப் பாதையும் அந்நீர் வழியையே பின்பற்றின. எனினும் ஊற்றுக்கும் ஊற்றுக்கும் இடைப்பட்ட வறள்நிலத்தில் குதிரையும் மாடும் சோர்ந்து வீழ்ந்தன. அங்கேதான் ஒட்டகம் தேவைப்பட்டது. திருக்குர்ஆனின் 88ஆம் அத்தியாயமான அல்காஷியா சிந்திக்கச் சொல்லும் அப்படைப்பின் அருமையை, அதனுடன் பிறந்து வளர்ந்தவர்களே நன்கறிந்திருந்தனர்.

1860இல் பர்க், வில்ஸ் ஆகியோரின் ஆய்வுப் பயணத்திற்காக இந்தியாவிலிருந்து 24 ஒட்டகங்களும் அவற்றை நடத்துவோரும் மெல்போர்ன் வந்திறங்கினர். அவருள் ஒருவரான தோஸ்த் முஹம்மது மெனிண்டீ என்னும் ஊரில் அடக்கமாகியுள்ளார். 1866இல் தாமஸ் எல்டர் என்னும் செல்வந்தர் நூற்றுக்கும் மேற்பட்ட ஒட்டகங்களையும் 31 ஒட்டகக்காரர்களையும் கராச்சியிலிருந்து வரவழைத்தார். 1920கள் வரை இவ்வாறு வந்தோர் இரண்டாயிரம் முதல் நாலாயிரம் பேர் என மதிப்பிடுகின்றனர். ஆப்கானிஸ்தான், பலுசிஸ்தான், சிந்து, பஞ்சாப் எனப் பல நிலங்களிலிருந்து வந்த இவர்களை வெள்ளையர் ஒரே பெயரால் 'ஆப்கானியர்' என்றழைத்தனர்.

1872இல் நிறைவுற்ற அடிலெய்டு–டார்வின் தந்தித் தடத்திற்குப் பொருள்கள் சுமந்தவை இவர்களின் ஒட்டகங்கள். பண்ணைகளுக்கு மாவும் தேயிலையும் கொண்டு சென்று கம்பளி மூட்டைகளுடன் திரும்பியவையும் அவையே. 1873இல் வில்லியம் காஸ் உலுரு பெரும்பாறையின் மீது ஏறியபோது அவருடன் ஏறியவர் கம்ரான் என்னும் ஒட்டகக்காரர். 1896இல் கால்வர்ட் ஆய்வுப் பயணத்தில் சென்ற பலூச்சியரான பெஜா தர்வேஷ், மாரீயில் நெடுங்காலம் வாழ்ந்து 1957இல் மறைந்தார்.

சென்ற இடமெல்லாம் இவர்கள் இறைவணக்கத்தை மறந்தாரில்லை. மாரீயில் களிமண் சுவரெழுப்பிப் பள்ளிவாசல் கண்டனர். அதன் முன்னே ஒளு செய்ய நீர்த்தொட்டி அமைத்தனர். பேரீச்ச மரங்களை நட்டனர். அடிலெய்டு நகரில் 1888–89இல் எழுந்த பள்ளிவாசலுக்கு 1903இல் நான்கு மினாராக்கள் சேர்க்கப்பட்டன. முதுமையுற்ற ஒட்டகக்காரர் பலருக்கு இறுதிப் புகலிடமாக விளங்கிய அப்பள்ளியில் இன்றும் தொழுகை நடைபெறுகிறது.

ஆயினும் இவர்களது உழைப்பை வேண்டிய நாடு இவர்களைத் தன்னவராக ஏற்கவில்லை. மாரீயில் இருப்புப் பாதைக்கு ஒருபுறம் வெள்ளையர் வாழ்ந்தனர்; மறுபுறம் ஆப்கானியரும் தொல்குடியினரும் வாழ்ந்தனர். 1894இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் டண்டாஸ் அருகே நீர்நிலை பற்றிய பூசலில் ஒட்டகக்காரர் உயிர் துப்பாக்கிக்கு இரையாயிற்று. சுட்டவரோ நீதிமன்றத்தில் விடுதலை பெற்றார். 1901இன் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் புதியோர் வருகையைத் தடுத்தது. 1903இன் குடியுரிமைச் சட்டம் ஆசியர்க்குக் குடியுரிமையை மறுத்தது. தாயகத்திலிருந்து மனைவியரை அழைத்துவர இயலாத நிலையில், சிலர் தொல்குடிப் பெண்களையும் ஐரோப்பியப் பெண்களையும் மணந்து இல்லறம் கண்டனர்.

மோட்டார் ஊர்திகள் பெருகியதும் ஒட்டகத் தொழில் நலிந்தது. தென் ஆஸ்திரேலியா 1925இல் ஒட்டக அழிப்புச் சட்டம் இயற்றியது. தம் விலங்குகளைக் கொல்ல மனம் ஒவ்வாத பலர் அவற்றைப் பாலையில் அவிழ்த்துவிட்டனர். அவற்றின் வழித்தோன்றல்களே இன்று அங்குக் காட்டு ஒட்டகங்களாகத் திரிகின்றன. 1929இல் அலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை நீண்ட இரயில் ஆப்கானியர் பெயரின் சுருக்கமாகத் 'தி கான்' என வழங்கலாயிற்று. 1980இல் புதிய பாதை மேற்கே அமைந்தபின் பழைய பாதை கைவிடப்பட்டது. 2004 முதல் டார்வின் வரை ஓடும் அவ்விரயிலின் சின்னம் ஒட்டகமும் அதன்மீது அமர்ந்த மனிதனும்.

மனிதர்க்கு மறுத்த இடத்தை அவர் பெயருக்கு அளித்த இம்முரண் நம் சிந்தனைக்குரியது. பெயர் நிலைத்ததால் வரலாறு நிலைத்துவிட்டதாகக் கொள்ளல் ஆகாது. 1932இலேயே ஹசன் மூசாகான் என்பவர் ஆஸ்திரேலிய முஸ்லிம்களின் வரலாற்றை நூலாகத் தொகுத்தார். தம்மவர் வாழ்வைத் தாமே எழுதிவைக்க வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். இன்று அத்தடத்தில் செல்வோர், மாரீயில் அப்பழைய பள்ளிவாசலின் மாதிரியாக எழுப்பப்பட்டுள்ள கட்டடத்தின் முன்னே சற்று நிற்பது நலம். ஊர்தியில் சில நாள்களில் கடக்கும் அவ்வழியைத் தொழுகை நேரம் தவறாது கால்நடையாக அளந்தவர்க்கு ஒரு துஆவேனும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.