தரமணி கட்டடத்தின் வாடகை சிங்கப்பூருக்குப் போன கதை



எங்கள் கடையநல்லூரில் ஒரு வழக்கம் உண்டு. வெளிநாட்டில் பல வருடம் உழைத்துவிட்டு ஊர் திரும்புகிறவர் கையில் கொஞ்சம் பணம் இருந்தால் முதலில் வீடு கட்டுவார். மிச்சம் இருந்தால் மதுரை - தென்காசி சாலையில் ஒரு கடையோ மனையோ வாங்குவார். பேங்கில் போட்டால் வட்டி வரும், அது வேண்டாம். கடையை வாடகைக்கு விட்டால் மாதம் பிறந்ததும் பணம் வரும், அது போதும் என்பது அவர் கணக்கு.

கணக்கு சரிதான். ஆனால் அதில் இரண்டு ஓட்டை இருக்கிறது. ஒன்று, கடை வாங்க மொத்தமாகப் பல லட்சம் வேண்டும். கையில் ஐம்பதாயிரம் வைத்திருப்பவருக்கு அரைக் கடையை யாரும் விற்க மாட்டார்கள். இரண்டு, அந்த ஒரே கடை காலியாகிவிட்டால் வருமானம் மொத்தமும் நின்றுவிடும். கொரோனா சமயத்தில் இதை எல்லோரும் கண்ணால் பார்த்தோம்.

இந்த இரண்டு ஓட்டையையும் அடைக்கிறேன் என்று வந்ததுதான் ரீட் எனப்படும் ரியல் எஸ்டேட் முதலீட்டு அறக்கட்டளை. அது உண்மையிலேயே அடைக்கிறதா, கஷ்ட காலத்தில் தாங்குமா என்று தெரிந்துகொள்ள அதன் வரலாற்றைப் பார்ப்பதுதான் நல்லது. அந்த வரலாறு எங்கள் ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த சிங்கப்பூர் வழியாகத்தான் தமிழ்நாட்டுக்கு வருகிறது.

முதலில் அமெரிக்கா

பெரிய கட்டடங்களை அறக்கட்டளை பெயரில் வாங்கி, வாடகையைப் பலர் பங்கு பிரித்துக்கொள்ளும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அமெரிக்காவின் பாஸ்டன் பக்கம் இருந்தது. அதைச் சட்டமாக்கியவர் ஜனாதிபதி ஐசனோவர். 1960 செப்டம்பர் 14ஆம் தேதி அவர் கையெழுத்திட்ட சட்டத்தின் சாரம் இதுதான்: வருமானத்தில் 90 சதவீதத்தை உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டால், கொடுத்த பணத்துக்கு அறக்கட்டளை கம்பெனி வரி கட்ட வேண்டாம். பணக்காரர்கள் மட்டும் வாங்கிக்கொண்டிருந்த வணிகக் கட்டடத்தில் சாதாரண ஆளும் ஒரு துண்டு வாங்கலாம் என்றானது.

பத்து வருடம் கழித்து இதிலும் பேராசை புகுந்தது. கட்டடம் வாங்கி வாடகை வசூலிப்பதை விட்டுவிட்டு, கடன் வாங்கி பில்டர்களுக்குக் கடன் கொடுக்கும் அறக்கட்டளைகள் பெருகின. 1973-75 மந்தத்தில் பில்டர்கள் விழுந்தார்கள், இவையும் சேர்ந்து விழுந்தன. வாடகை வாங்கியவை பெரும்பாலும் தப்பித்தன. இந்தப் பாடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வரும்.

சிங்கப்பூரில் தோற்றதும் ஜெயித்ததும்

கடையநல்லூருக்கும் சிங்கப்பூருக்கும் நூறு வருடத்துக்கு மேலான உறவு. நெசவு படுத்தபோது எங்கள் ஊர்க்காரர்கள் கப்பல் ஏறினார்கள். தஞ்சோங் பகாரில் குடும்பத்தோடு குடியேறி கூலி வேலை பார்த்தார்கள். 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கினார்கள். அது 1946இல் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியை நிறுவியது. 1982 வரை அந்தப் பள்ளி நடந்தது.

அந்த சிங்கப்பூரில் 2001 நவம்பரில் முதல் ரீட்டைக் கொண்டுவரப் பார்த்தார்கள். பெயர் சிங்மால் பிராப்பர்ட்டி டிரஸ்ட். அப்போது அமெரிக்காவில் இரட்டைக் கோபுரம் விழுந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது, சிங்கப்பூரும் மந்தத்தில் இருந்தது. போதிய விண்ணப்பங்கள் வரவில்லை, வெளியீட்டை வாபஸ் வாங்கிவிட்டார்கள்.

எட்டு மாதம் கழித்து, 2002 ஜூலையில், கேபிட்டாமால் டிரஸ்ட் என்ற பெயரில் மறுபடி வந்தார்கள். தெம்பனிஸ் மால், ஜங்ஷன் 8, ஃபுனான் என்ற மூன்று மால்கள். ஒரு யூனிட் 96 காசு. இந்த முறை தேவைக்கு மேல் விண்ணப்பம் வந்தது. முதல் முறை பயம் மேலே இருந்தது, இரண்டாம் முறை வாடகை கண்ணுக்குத் தெரிந்தது!

2007: தலைப்பில் சொன்ன கதை

2007 ஆகஸ்டில் சிங்கப்பூர் பங்குச்சந்தையில் அசெண்டாஸ் இந்தியா டிரஸ்ட் பட்டியலிடப்பட்டது. வெளியீட்டு விலை 1.18 சிங்கப்பூர் டாலர். அதன் சொத்துக்களில் ஒன்று சென்னை தரமணியில் இருக்கும் இன்டர்நேஷனல் டெக் பார்க். மற்றவை பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் இருந்தன.

யோசித்துப் பாருங்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் கடையநல்லூர்க்காரர் தரமணி கட்டடத்தில் ஒரு துண்டு வாங்கியிருக்கலாம். ஊரில் இருக்கும் அவர் தம்பியால் முடியாது! காரணம், இந்தியாவில் அதற்குச் சட்டமே கிடையாது. 2007 டிசம்பரில் செபி ஒரு வரைவு விதியை வெளியிட்டது. அடுத்த வருடம் உலகப் பொருளாதாரமே ஆட்டம் கண்டது, வரைவும் அப்படியே தூங்கிப்போனது.

2008-09: கட்டடம் நிறைந்திருந்தது, ஓனர் திவால்

அந்த நெருக்கடியில் நடந்த மூன்று விஷயங்களைச் சொல்கிறேன். என்னைப் பொறுத்தவரை இந்தக் கட்டுரையே இதற்காகத்தான்.

முதலாவது, அமெரிக்காவின் ஜெனரல் குரோத் பிராப்பர்ட்டீஸ். 200க்கும் மேற்பட்ட மால்கள் வைத்திருந்த ரீட். கடைகளில் 90 சதவீதத்துக்கு மேல் ஆள் இருந்தார்கள், வாடகையும் வந்துகொண்டிருந்தது. ஆனால் சுமார் 27 பில்லியன் டாலர் கடன். தவணை வந்தபோது பழைய கடனை அடைக்கப் புதுக்கடன் கொடுக்க ஆள் இல்லை. 2009 ஏப்ரல் 16 அன்று திவால் மனு போட்டது. வாடகைதாரர் ஏமாற்றவில்லை, கடன்தான் கவிழ்த்தது.

இரண்டாவது, சிங்கப்பூரின் கேபிட்டாமால். அதுவும் கடன் தவணைக்குப் பயந்தது, ஆனால் முன்கூட்டியே விழித்துக்கொண்டது. 2009 தொடக்கத்தில் ஏற்கனவே யூனிட் வைத்திருந்தவர்களிடமே 1.23 பில்லியன் டாலர் கேட்டது. 10 யூனிட்டுக்கு 9 புது யூனிட், ஒன்று 82 காசு. 1,000 யூனிட் வைத்திருந்தவர் தன் பங்கை விடாமல் காக்க மேலும் 738 டாலர் போட வேண்டும். அறக்கட்டளை பிழைத்தது. ஆனால் வேலை போகுமோ என்று எல்லோரும் பயந்த நேரத்தில், வாடகை வாங்க வந்தவரிடமே பணம் கேட்டார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

மூன்றாவது, நம் தரமணி டிரஸ்ட். விலை, வெளியீட்டு விலையில் பாதிக்கும் கீழே போனது. பிறகு ஓரளவு மீண்டாலும் இன்னொரு அடி காத்திருந்தது. வாடகை ரூபாயில் வரும், பங்கு பிரிப்பது டாலரில். 2007இல் ஒரு சிங்கப்பூர் டாலர் சுமார் 27 ரூபாய். 2013 ஆகஸ்டில் அது 50 ரூபாயைத் தொட்டது. அதே வாடகை, டாலரில் கிட்டத்தட்ட பாதி!

இந்தியாவுக்கு வந்த கதை

2014ஆம் வருடம் இரண்டு விஷயம் அடுத்தடுத்து நடந்தது. ஆகஸ்டில், நிலத்தின் பெயரைச் சொல்லி கோடிக்கணக்கான சிறு மக்களிடம் பணம் திரட்டிய பி.ஏ.சி.எல். நிறுவனம் 49,100 கோடி ரூபாயைத் திருப்பித் தர வேண்டும் என்று செபி உத்தரவிட்டது. செப்டம்பர் 26ஆம் தேதி ரீட் விதிகளை அதே செபி வெளியிட்டது. சாதாரண மக்களுக்கு நிலத்தின் மீது இருக்கும் ஆசை ஒன்றுதான். முறையான வழி இல்லாதபோது அந்த ஆசை எங்கே போய் மாட்டுகிறது என்பதற்கு பி.ஏ.சி.எல். சாட்சி.

விதிகளில் முக்கியமானவை: சொத்தில் 80 சதவீதமாவது கட்டி முடித்து வாடகை வரும் கட்டடமாக இருக்க வேண்டும் (1973 பாடம்!). பிரித்துக் கொடுக்கக்கூடிய பணத்தில் 90 சதவீதத்தைக் கொடுத்தாக வேண்டும். கடன், சொத்து மதிப்பில் 49 சதவீதத்தைத் தாண்டக் கூடாது (2009 பாடம்!).

ஆனால் ஆரம்பத்தில் குறைந்தபட்சம் 2 லட்சம் ரூபாய் போட வேண்டும் என்றார்கள். 2019இல் அது 50,000 ஆனது. 2021இல் 10,000 முதல் 15,000 வரை என்று இறங்கியது. சந்தையில் ஒரே ஒரு யூனிட்கூட வாங்கலாம் என்றும் ஆனது. உண்மையில் அன்றுதான் நம்மைப் போன்றவர்களுக்குக் கதவு திறந்தது.

முதல் இந்திய ரீட் எம்பசி, 2019 ஏப்ரல் 1 அன்று பட்டியலிடப்பட்டது. ஒரே வருடத்தில் கொரோனா. எல்லோரும் வீட்டிலிருந்து வேலை, இனி ஆபீஸ் யாருக்கு வேண்டும் என்று பேசிய 2020 ஜூலையில்தான் மைண்ட்ஸ்பேஸ் ரீட் 275 ரூபாய்க்கு வெளியானது. விண்ணப்பங்கள் பல மடங்கு குவிந்தன. பெரிய கம்பெனிகள் பல வருட ஒப்பந்தம் போட்டிருந்ததால் வாடகை நிற்கவில்லை. ஆனால் ஒப்பந்தம் முடிந்தவர்கள் சிலர் மெதுவாகக் காலி செய்தார்கள். எம்பசியில் 2020 மார்ச்சில் சுமார் 93 சதவீத இடம் நிறைந்திருந்தது, 2022 மார்ச்சில் 87 சதவீதம். அடி உடனே விழவில்லை, இரண்டு வருடம் தள்ளி விழுந்தது.

2023 மே மாதம் மால்களுக்கான முதல் இந்திய ரீட்டாக நெக்சஸ் வந்தது. சென்னை வடபழனி விஜயா மாலும் அதில் ஒன்று. 2024இல் எம்பசி, பல்லாவரம் - துரைப்பாக்கம் சாலையில் ஒரு வளாகத்தை 1,185 கோடிக்கு வாங்கியது. தமிழ்நாட்டு வாடகையில் தமிழ்நாட்டுக்காரரும் துண்டு வாங்க ஒருவழியாக வழி பிறந்தது.

எங்கள் ஊரில் கேட்கும் கேள்வி

"வாடகைதானே, அப்போ வட்டி இல்லையே?" என்று உடனே கேட்பார்கள். மலேசியா இதற்கு 2005லேயே தனி வழிகாட்டி போட்டது. 2006இல் மருத்துவமனைக் கட்டடங்களை வைத்து அல்-அகார் கேபிஜே என்ற இஸ்லாமிய ரீட் அங்கே பட்டியலிடப்பட்டது. இந்திய ரீட்களிலோ கட்டடம் இருக்கும் கம்பெனிக்கு அறக்கட்டளை கடன் கொடுப்பதும், அந்த வட்டி நமக்கு வரும் பங்கில் ஒரு பகுதியாக இருப்பதும் உண்டு. அதாவது வாடகை, வட்டி என்ற பெயரில் வந்து சேரலாம். இது கூடுமா கூடாதா என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆலிம்களிடம் கேட்பவர்கள் இந்த விவரத்தையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள்.

சரி, முடிவு என்ன?

ரீட் முதல் ஓட்டையை அடைத்துவிட்டது. இரண்டாவதைப் பாதி அடைத்திருக்கிறது: ஒரு கடை காலியானால் மற்ற கடைகள் தாங்கும். ஆனால் ஊரில் சொந்தக் கடைக்கு இல்லாத ஒரு புது ஓட்டை இதில் உண்டு. பெரும்பாலும் கடன் இல்லாமல் கடை வாங்கியவரை மந்தம் பட்டினி போடலாம், ஆனால் கடை அவருடையதாகவே இருக்கும். கடனில் நிற்கும் கட்டடம் நிறைந்திருந்தாலும் கைமாறலாம்.

அதனால் நிச்சயமில்லாத காலத்தில் யாராவது உங்களிடம் ரீட் பற்றிப் பேசினால், எவ்வளவு வாடகை வரும் என்று மட்டும் கேட்காதீர்கள். கடன் எவ்வளவு, அது எந்த வருடம் தவணைக்கு வருகிறது, வாடகை ஒப்பந்தங்கள் எப்போது முடிகின்றன என்று கேளுங்கள். 1973, 2009, 2020 மூன்றும் சொல்லிக்கொடுத்த கேள்விகள் இவை.