கையடக்க ராமன் நிறமாலைமானி

சந்தேகத்துக்குரிய பொடி, மாத்திரை, திரவம் ஆகியவற்றைப் பிடிபட்ட இடத்திலேயே லேசர் ஒளியால் ஆராய்ந்து அடையாளம் காட்டும் கருவி. எல்லைச் சாவடிகள், விமான நிலையங்கள், அஞ்சல் மையங்கள் ஆகிய இடங்களில் போதைப்பொருள் சோதனைக்குப் பயன்படுகிறது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன் 1928இல் கல்கத்தாவில் கண்டறிந்த ஒளிச்சிதறல் விளைவே இதன் அடிப்படை. அதற்காக அவர் 1930இல் நோபல் பரிசு பெற்றார்.

ஒரு பொருளின் மீது பட்டுச் சிதறும் ஒளியில், ஏறத்தாழ கோடியில் ஒரு பங்குதான் அலைநீளம் மாறி வெளிவருகிறது. அந்த மாற்றம் மூலக்கூறின் அதிர்வுகளைப் பொறுத்தது என்பதால், கைரேகையைப் போல ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் தனி நிறமாலை உண்டு. கருவி அதைத் தன் நினைவகத்திலுள்ள நிறமாலைத் தொகுப்போடு ஒப்பிட்டு, பொருளின் பெயரைத் திரையில் காட்டுகிறது.

பையைப் பிரிக்காமலே சோதிக்க முடிவதுதான் இதன் பெரும்பலன். அதிகாரி கருவியின் முனையை ஒளிபுகும் பிளாஸ்டிக் உறைமீது வைத்து அழுத்தினால் போதும். பெரும்பாலும் சில நிமிடங்களுக்குள் விடை வந்துவிடும். செயற்கைப் போதைப்பொருளான ஃபென்டனில் ஹெராயினைவிடச் சுமார் 50 மடங்கு வீரியமானது. 2 மில்லிகிராமே உயிரைப் பறிக்கலாம். அத்தகைய பொடியைக் கையாளும் ஊழியருக்குப் பையைப் பிரிக்காமல் சோதிப்பது சாதாரண வசதியன்று. ஆனால், அட்டைப்பெட்டி, உலோகம் ஆகியவற்றை லேசர் ஊடுருவாது. கறுத்த பொருள்கள் லேசரின் சூட்டில் கருகக்கூடும்.

முன்பிருந்தே வழக்கிலுள்ள நிறமாற்றச் சோதனைகளைவிட இது நம்பகமானது. கோபால்ட் தயோசயனேட் கரைசல் கொக்கெயினுக்கு நீலமாகும். ஆனால், ஒவ்வாமை மருந்தான டைஃபென்ஹைட்ரமினுக்கும் அதே நீலமாகும்.

கலப்படப் பொடியில்தான் ராமன் கருவி தடுமாறுகிறது. ஹெராயின் முதலிய சில பொருள்கள் லேசர் பட்டதும் தாமே ஒளிர்ந்து, மெல்லிய ராமன் சமிக்ஞையை மூழ்கடித்துவிடுகின்றன. அமெரிக்கா 2018இல் இன்டர்டிக்ட் சட்டத்தின் மூலம் எல்லைக் காவல் துறைக்கு இத்தகைய வேதிச் சோதனைக் கருவிகளுக்காக 90 லட்சம் டாலர் ஒதுக்க அனுமதித்தது. ஆனால், நுழைவுச் சாவடிகளில் பயன்பட்ட சிறு கருவிகளால் 10 விழுக்காடும் அதற்குக் குறைவாகவும் கலந்த ஃபென்டனிலை அடையாளம் காண முடியவில்லை என்று, உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2019இல் அறிக்கை தந்தது. தெருவில் விற்கப்படும் பொடியில் ஃபென்டனிலின் பங்கு பெரும்பாலும் அந்த அளவுக்குள்தான் இருக்கும் என்பதால், இது சிறிய குறையன்று.

இக்குறையைச் சமாளிக்க வழிகள் உண்டு. மாதிரியைக் கரைத்து, வெள்ளி அல்லது தங்கத்தின் நுண்பரப்பில் படியவைத்தால் சமிக்ஞை பன்மடங்கு வலுக்கும். நானோகிராம் அளவிலான துகளையும் உணரும் அயனி நகர்வு நிறமாலைமானியைத் துணைக்கு வைத்துக்கொள்வதும் உண்டு. நிட்டசீன்கள் போன்ற புதிய செயற்கைப் போதைப்பொருள்கள் தொடர்ந்து வருவதால், நிறமாலைத் தொகுப்பை உடனுக்குடன் புதுப்பிப்பது புதிய கருவி வாங்குவதைவிட அவசரமானது. தொகுப்பில் இல்லாத பொருளின் பெயரைக் கருவி சொல்லாது.

கருவி காட்டும் விடை முதற்கட்ட அறிகுறி மட்டுமே. ஒருவர் மீது குற்றத்தை நிறுவ, ஆய்வகத்தில் வாயு நிறப்பகுப்பியல், நிறை நிறமாலையியல் போன்ற முறைகளால் அது உறுதிசெய்யப்பட வேண்டும்.