பெற்றோரின் கடிதமும் ஆசிரியரின் படிவமும்: குழந்தை மதிப்பீட்டு முறையின் வரலாறு

ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. ஆகிய இரண்டில் எதையும் ரத்தப் பரிசோதனையாலோ மூளை ஸ்கேனாலோ உறுதிசெய்ய இன்றுவரை வழியில்லை. பிறரோடு உறவாடுவதிலும் கருத்தைப் பரிமாறிக்கொள்வதிலும் இடர்ப்பாடு, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், வழக்கம் மாறினால் தாங்க முடியாமை, ஒலியையும் ஒளியையும் தொடுகையையும் மிகையாகவோ குறைவாகவோ உணர்தல் ஆகியவை சிறு வயது முதலே சேர்ந்து காணப்படும் நிலை ஆட்டிசம் எனப்படுகிறது. வயதுக்கேற்பக் கவனத்தை நிறுத்த முடியாமை, ஓயாத துறுதுறுப்பு, யோசிக்கும் முன்பே செய்துவிடும் இயல்பு ஆகியவை அன்றாட வாழ்வைக் குலைக்கும் அளவுக்கு நீடிப்பது ஏ.டி.எச்.டி. எனப்படுகிறது. இவற்றுக்காக ஒரு குழந்தையை மதிப்பிடும்போது, பெற்றோர் கூறும் வளர்ச்சி வரலாறும், மருத்துவரோ உளவியலாளரோ நேரில் காண்பதும், ஆசிரியர் நிரப்பித் தரும் படிவமும் ஒருங்கே வைத்துப் பார்க்கப்படுகின்றன. வெவ்வேறு ஊர்களில் தோன்றிய இந்த மூன்று வழிகளும் அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் குழந்தை மனநலப் பிரிவைத் தொட்டுச் சென்றுள்ளன.

1930இல் அப்பிரிவைத் தொடங்கியவர் லியோ கானர். ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் பிறந்து, 1924இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த மருத்துவர் அவர். 1938இல் மிசிசிப்பி மாநிலத்தின் ஃபாரஸ்ட் என்னும் சிற்றூரிலிருந்து பீமன் டிரிப்லெட் என்ற வழக்கறிஞர் தம் மகன் டொனால்டைப் பற்றித் தட்டச்சில் 33 பக்கங்களுக்கு எழுதிய கடிதம் அவருக்கு வந்து சேர்ந்தது. ஒரு வயதிலேயே பல பாடல்களின் மெட்டைப் பிசகாமல் முணுமுணுத்தது, இரண்டு வயதுக்குள் முகங்களையும் பெயர்களையும் ஊரிலுள்ள பல வீடுகளின் பெயர்களையும் நினைவில் வைத்துக்கொண்டது, பொருள்களைச் சுழலவிட்டு அவற்றிலேயே லயித்திருந்தது, தாய் தந்தையர் வருவதையும் போவதையும் பொருட்படுத்தாதது என மகனின் நாள்களை அத்தந்தை ஒன்றுவிடாமல் பதிந்திருந்தார். 1943இல் கானர் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் 11 குழந்தைகள் விவரிக்கப்பட்டுள்ளனர். எட்டுப் பேர் ஆண்கள், மூவர் பெண்கள். அவர்களுள் முதலாவதாக வைக்கப்பட்டவன் டொனால்ட். அவனைப் பற்றிய பகுதி பெரிதும் தந்தையின் கடிதத்தையே அடியொற்றியது. ஆட்டிசம் மருத்துவ ஏட்டில் ஏறியது ஒரு தந்தையின் கண்கொண்டுதான் என்பதை மறுப்பதற்கில்லை.

நேரில் காணும் முறை வியன்னாவிலிருந்து வந்தது. அந்நகரின் பல்கலைக்கழகக் குழந்தைகள் மருத்துவமனையில் எர்வின் லாட்சார் 1911இல் ஒரு தனிப் பிரிவை நிறுவினார். மருத்துவமும் கல்வியும் இணைந்து நடந்த அப்பிரிவில், பிள்ளைகளைத் தேர்வுத்தாளால் மட்டும் அளக்காமல், வாரக்கணக்கில் உடனிருந்து அவர்கள் உண்பதையும் விளையாடுவதையும் படிப்பதையும் சண்டையிடுவதையும் கவனிப்பது வழக்கமாக இருந்தது. நான்கு சிறுவர்களை விரிவாக விவரித்து 1944இல் ஆய்வேட்டை வெளியிட்ட ஹான்ஸ் ஆஸ்பெர்கர் பணியாற்றியதும் அங்கேதான். அவருக்கு முன்பே அங்கு பயின்று முதிர்ந்த ஜார்ஜ் ஃபிராங்கல் யூதர் என்பதால், நாஜிகளின் பிடி இறுகிவந்த காலத்தில் ஐரோப்பாவைவிட்டு வெளியேறி, கானரின் உதவியோடு பால்டிமோர் வந்து சேர்ந்தார். டொனால்ட் பால்டிமோருக்கு அழைத்துவரப்பட்டபோது, மேரிலாந்து குழந்தை ஆய்வு இல்லத்தில் இரண்டு வாரங்கள் தங்கவைத்து அவனைக் கவனித்த இருவருள் ஒருவர் ஃபிராங்கல். மற்றவர் யூஜீனியா கேமரன். மிசிசிப்பியில் எழுதப்பட்ட கடிதமும் வியன்னாவின் உற்றுநோக்கும் பழக்கமும் ஒரே சிறுவனின் பொருட்டு இவ்வாறு ஓரிடத்தில் கூடின.

வியன்னாவில் எஞ்சியவர்களின் கதை வேறு. பயிற்றுவிக்க இயலாதவர் என்று முடிவு கட்டப்பட்ட பிள்ளைகள் அங்கே ஆம் ஸ்பீகல்கிரண்ட் என்னும் நிலையத்துக்கு அனுப்பப்பட்டனர். நாஜி ஆட்சிக் காலத்தில் ஏறத்தாழ 800 குழந்தைகள் அங்கு உயிரிழந்தனர், அவர்களுள் பலர் திட்டமிட்டே கொல்லப்பட்டனர். ஆஸ்பெர்கரும் அந்நிலையத்துக்குக் குழந்தைகளைப் பரிந்துரைத்தார் என்பதை வரலாற்றாசிரியர் ஹெர்விக் செக் மருத்துவமனைப் பதிவேடுகளைக் கொண்டு 2018இல் எடுத்துக்காட்டினார். மதிப்பீட்டு அறிக்கையின் கடைசி வரி ஒரு பிள்ளையின் உயிரையே தீர்மானித்த காலம் ஒன்று இருந்தது என்பதை இத்துறையின் வரலாறு மறைக்கலாகாது.

பெற்றோரின் சாட்சியத்துக்குப் பால்டிமோரிலும் பின்னாளில் அநீதியே நேர்ந்தது. கானர் தம் கட்டுரையின் முடிவில் இந்நிலை பிறவியிலேயே அமைந்தது என்று சொன்னபோதிலும், அதே கட்டுரையில் பெற்றோரின் விரிவான குறிப்பேடுகளையும் கடிதங்களையும் அவர்களது மிகைப்பட்ட நுணுக்க நாட்டத்துக்குச் சான்றாகக் கொண்டார்; பரிவு மிக்க பெற்றோர் அவர்களுள் அரிது என்றும் எழுதினார். கண்டறிதலுக்கு அடித்தளமிட்ட கடிதமே எழுதியவருக்கு எதிரான சாட்சியாக மாறியது மிகவும் வருந்தத்தக்கது. தாயின் அன்பு குளிர்ந்ததே காரணம் என்னும் கருத்து அடுத்த இருபது ஆண்டுகளில் வேரூன்றியது. சிகாகோவில் சிறப்புப் பள்ளி ஒன்றை நடத்திய புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் வெளியிட்ட நூல் அதைப் பொதுமக்களிடமும் பரப்பியது. அக்காலத்துத் தாய்மார்கள் பிள்ளையின் நிலையை விளங்கிக்கொள்ளச் சென்று, தாங்களே குற்றவாளிகளாக விசாரிக்கப்பட்டனர்.

அந்தக் கருத்தை உடைத்தவர்களும் பெற்றோரே. ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையும் அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றிய உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லண்ட், 1964இல் வெளியிட்ட நூலில் பெற்றோரைப் பழிக்கும் கருத்தைச் சான்றுகளோடு மறுத்ததுடன், பெற்றோர் நிரப்புவதற்கான வினாப்பட்டியல் ஒன்றையும் பின்னிணைப்பாகச் சேர்த்தார். இங்கிலாந்தில், ஆட்டிசம் உள்ள மகளின் தாயான மனநல மருத்துவர் லோர்னா விங், ஜூடித் கூல்டுடன் இணைந்து லண்டனின் கேம்பர்வெல் பகுதியில் நடத்திய ஆய்வு 1979இல் வெளிவந்தபின், கானர் வரைந்த எல்லைக்கு வெளியே நின்ற ஏராளமான பிள்ளைகளும் கணக்கில் வந்தனர். இதற்கிடையே 1977இல் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் வெளியிட்ட, 21 இரட்டையர் இணைகளைப் பற்றிய ஆய்வு, மரபணுவின் பங்கை உறுதியாக நிறுவியது. கானரும் 1969இல் பெற்றோர் கூட்டம் ஒன்றில் அவர்களைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாக அறிவித்தார்.

இன்று பரவலாகக் கையாளப்படும் இரு கருவிகளும் இந்தப் பின்னணியில் பிறந்தவை. கேத்தரின் லார்ட், ரட்டர் முதலியோர் வகுத்து 1989இல் வெளியிட்ட அவற்றுள் ஒன்றான ஏ.டி.ஐ., பெற்றோரிடம் நெடுநேரம் நடத்தப்படும் நேர்காணல். மற்றொன்றான ஏ.டி.ஓ.எஸ்., குழந்தையோடு விளையாடிக்கொண்டே கவனிப்பது. பேச்சு வராத சிறு குழந்தைகளுக்கான அதன் பகுதியில், மதிப்பிடுபவர் பலூனை ஊதிக் கைவிட, அது சீறிக்கொண்டு அறையெங்கும் பறந்து விழுகிறது. குழந்தை பலூனை மட்டும் பார்க்கிறதா, பலூனிலிருந்து எதிரில் இருப்பவரின் முகத்துக்கும் மீண்டும் பலூனுக்கும் பார்வையைக் கொண்டுசெல்கிறதா, மறுபடி ஊதச் சொல்லிக் கையை நீட்டியோ குரல் கொடுத்தோ கேட்கிறதா என்பவை குறிக்கப்படுகின்றன. பொம்மைக்குப் பிறந்தநாள் கொண்டாடும் பாவனை விளையாட்டும் அதில் உண்டு. வியன்னாவில் வாரக்கணக்கில் நிகழ்ந்த உற்றுநோக்கல் இங்கே ஒரு மணி நேரத்துக்குள் சுருக்கப்பட்டிருக்கிறது. இந்தச் சுருக்கத்தில் கிடைத்த சீர்மை பெரிது, இழப்பும் சிறிதன்று.

ஏ.டி.எச்.டி.யின் வரலாறு வகுப்பறையோடு பிணைந்தது. அறிவில் குறையில்லாதபோதும் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ள இயலாத பிள்ளைகளைப் பற்றி லண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் 1902இல் உரையாற்றினார். ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்றே அவர் அதைக் கருதினார். 1937இல் ரோட் ஐலண்டில் சார்லஸ் பிராட்லி, பென்சிட்ரின் என்னும் ஊக்க மருந்தை 30 பிள்ளைகளுக்குக் கொடுத்தபோது, அவர்களுள் 14 பேரின் பள்ளிப் படிப்பில் வியக்கத்தக்க முன்னேற்றம் தெரிந்தது. அந்த மாற்றத்தை முதலில் கண்டுகொள்ளும் இடம் வகுப்பறை என்பதால், மருந்தின் பயனை அளக்க ஆசிரியரின் கண் தேவைப்பட்டது. கானருக்குப்பின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பிரிவுக்குத் தலைமையேற்ற லியோன் ஐசன்பர்க், உளவியலாளர் கீத் கானர்ஸுடன் 1960களில் அத்தகைய மருந்தாய்வுகளை நடத்தினார். அவற்றிலிருந்து உருவாகி 1969இல் வெளிவந்த கானர்ஸ் படிவத்தில், ஆசிரியர் 39 கூறுகளை, சிறிதுமில்லை என்பது தொடங்கி மிக அதிகம் என்பது ஈறாக நான்கு நிலைகளில் குறிக்கவேண்டும். மருந்தை அளக்கச் செய்த அளவுகோல் பின்னர் பிள்ளையை அளக்கும் அளவுகோலாயிற்று.

ஒரே மருத்துவமனையோடு தொடர்புகொண்ட இந்த இரு மரபுகளும் நெடுங்காலம் ஒன்றையொன்று விலக்கியே நின்றன. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டில் 1994இல் வந்த நான்காம் பதிப்பின்படி, ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு ஏ.டி.எச்.டி.யும் இருப்பதாகச் சேர்த்துக் குறிக்க இயலாது. கவனச் சிதறலும் துறுதுறுப்பும் ஆட்டிசத்தின் பகுதியாகவே கொள்ளப்பட்டன. எந்த மருத்துவரிடம் முதலில் சென்றார்கள் என்பதைப் பொறுத்து ஒரு பிள்ளைக்கு ஒரு பெயர் அமைந்து, மற்றத் தேவை ஏட்டில் ஏறாமலே போனது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்புதான் இரண்டையும் சேர்த்துக் குறிக்க இடமளித்தது. ஏ.டி.எச்.டி. அறிகுறிகள் தொடங்குவதற்கான வயது வரம்பை அப்பதிப்பு 7இலிருந்து 12ஆக உயர்த்தியது.

இந்தியாவில் 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் ஆட்டிசத்தைக் குறிப்பிடவில்லை. 1999இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டமே அதற்கு முதலில் இடம் தந்தது. செகந்திராபாத்தில் இயங்கிய தேசிய நிறுவனம் ஒன்று உருவாக்கிய, ஐ.எஸ்.ஏ.ஏ. என்னும் அளவுகோல் 2009இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 40 கூறுகளில் ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் உண்டு. பெற்றோரின் சொல்லையும் நேரில் காண்பதையும் இணைத்து அம்மதிப்பெண்கள் இடப்படுகின்றன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளுள் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் இடம்பெற்றன, ஏ.டி.எச்.டி. இடம்பெறவில்லை. இரண்டும் உள்ள பிள்ளைக்கு மருத்துவ அறிக்கை இரண்டையும் சொல்ல, அரசுச் சான்றிதழ் ஒன்றை மட்டுமே சொல்கிறது. கவனத்தை நிறுத்த அப்பிள்ளை படும் பாட்டுக்குப் பள்ளி செய்துதர வேண்டிய ஏற்பாடுகளைப் பெற்றோர் ஒவ்வோர் ஆண்டும் புதிய ஆசிரியரிடம் தாங்களே எடுத்துரைத்துக் கேட்க வேண்டியிருக்கிறது.